கொலைக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களின் கடைசி நம்பிக்கை: வழக்கறிஞர் டேவிட் மார்ஷல்

சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் யார் என்று கேட்டால் டேவிட் மார்ஷல் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். பாலிங் பேச்சுவார்த்தைப் படத்தில் துங்கு அப்துல் ரஹ்மானோடு இருப்பவர் என்று நம் மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். ஆனால் அவர் முதலமைச்சராக இருந்தது வெறும் 14 மாதங்கள்தான். கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் நின்றதோ பல பத்து ஆண்டுகள். அந்த நாளில் கொலைக் குற்றம் நிரூபணமானால் தூக்கு. அதற்குக் குறைந்த தண்டனை கிடையாது. அப்படிப்பட்ட வழக்கில் சிக்கியவரின் குடும்பம் முதலில் நினைத்த பெயர் மார்ஷல்.

பாக்தாத்திலிருந்து வந்த குடும்பம்

1908 மார்ச் 12ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தவர் அவர். பாக்தாத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். மஷால் என்ற குடும்பப் பெயர்தான் பின்னாளில் மார்ஷல் ஆனது. வெள்ளையர் ஆட்சியில் ஆசியர்கள் இரண்டாம் தரமாக நடத்தப்படுவதைச் சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தார். தம் இனத்தைக் கேலி செய்தவர்களோடு பள்ளியில் மல்லுக்கட்டியதும் உண்டு.

ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்தபோது அரசாங்க உபகாரச் சம்பளத் தேர்வுக்கு இரவு பகலாகத் தயார் செய்தார். ஆனால் தேர்வு நெருங்கும் வேளையில் உடல்நலம் குன்றி விழுந்தார். நோய் தீர சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். மருத்துவராக வேண்டும் என்ற கனவு அதோடு முடிந்தது. பிறகு குமாஸ்தா, விற்பனையாளர், பிரெஞ்சு மொழி ஆசிரியர் என்று கிடைத்த வேலையைச் செய்தார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் சட்டம் படிக்க லண்டன் கப்பலேறினார். சுமார் ஒன்றரை ஆண்டில் படிப்பை முடித்து 1937இல் பாரிஸ்டர் ஆனார்.

ஹொக்கைடோ சுரங்கம்

சிங்கப்பூர் திரும்பி வழக்கறிஞராகக் காலூன்றும் முன்பே போர் வந்தது. தொண்டர் படையில் சேர்ந்திருந்த அவர், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியரிடம் கைதியானார். நம் தோட்டத்து மக்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற காலம் அது. மார்ஷலை வேறு திசைக்குக் கொண்டு போனார்கள். ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோவில், பனியிலும் பசியிலும் நிலக்கரிச் சுரங்க வேலை. 1945இல் போர் முடிந்த பிறகே விடுதலை. அதிகாரம் கையில் உள்ளவன் முன்னே ஒரு மனிதன் எவ்வளவு சிறியவனாகிப் போகிறான் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, உடம்பால் அனுபவித்தார். அதன் பிறகுதான் குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் ஓங்கியது.

அவர் ஆயுதம் குரலும் குறுக்கு விசாரணையும்

அடர்ந்த புருவம், கையில் புகைக்குழாய், மண்டபத்தையே நிறைக்கும் குரல். அவர் வாதாடும் நாளில் பார்வையாளர் பகுதி நிரம்பிவிடும். அப்போது ஏழு ஜூரிகள் உட்கார்ந்து கொலை வழக்கைக் கேட்பார்கள். சாதாரண குடிமக்களான அந்த ஏழு பேர்தான் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல வேண்டும். நீதிபதி சட்டத்தை விளக்குவார், தண்டனை விதிப்பார். எனவே ஜூரிகளின் மனத்தில் நியாயமான சந்தேகம் ஒன்று எழுந்தாலே போதும், ஓர் உயிர் தப்பிவிடும். அரசாங்கத் தரப்பு சாட்சியில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை ஜூரிகளின் கண் முன்னே விரித்துக் காட்டுவதில் மார்ஷலுக்கு இணையாக அன்று வேறொருவரைச் சொல்வது கடினம்.

14 மாத ஆட்சி

1955 ஏப்ரல் தேர்தலில் அவருடைய தொழிலாளர் முன்னணி 25 இடங்களில் 10ஐ வென்றது. யாரும் எதிர்பாராத முடிவு. மார்ஷல் முதலமைச்சரானார். அடுத்த மாதமே ஹொக் லீ பேருந்துக் கலவரம், நால்வர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் கெடா, பாலிங்கில் துங்குவும் அவரும் டான் செங் லோக்கும் சின் பெங்கைச் சந்தித்தார்கள். பேச்சு இரண்டே நாளில் முறிந்தது.

பொதுமக்கள் தங்கள் குறையை நேரில் வந்து சொல்லும் சந்திப்புகளைச் சிங்கப்பூரில் தொடங்கி வைத்தவர் அவர்தான். இன்றும் அந்த வழக்கம் அங்கே தொடர்கிறது. 1956இல் அவருடைய ஆட்சியில்தான் சட்டமன்றத்தில் ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் மொழிகளிலும் பேச வழி திறந்தது. தமிழர்கள் மறக்கக் கூடாத செய்தி இது.

முழு சுயாட்சி வாங்கி வருவேன், இல்லையேல் பதவி விலகுவேன் என்று சொல்லிவிட்டு 1956இல் லண்டன் போனார். உள்நாட்டுப் பாதுகாப்பு யார் கையில் என்ற கேள்வியில் பிரிட்டன் இறங்கி வரவில்லை. வெறுங்கையோடு திரும்பியவர் ஜூன் மாதம் சொன்னபடியே விலகினார். 1957இல் பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார். 1961இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்றார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கட்சியின் சார்பில் அதே ஆன்சனில் வென்றவர், இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான ஜே.பி. ஜெயரத்தினம்.

ஒரே அனுபவம், இரண்டு முடிவு

மார்ஷலின் வாழ்க்கையில் முக்கியமான வாதம் ஒரு கொலை வழக்கில் நடந்ததல்ல. 1969இல் நாடாளுமன்றத் தேர்வுக்குழுவின் முன் நடந்தது. ஜூரி முறையை அடியோடு நீக்க அரசாங்கம் முடிவு செய்திருந்தது. மார்ஷல் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

அவரைக் கேள்வி கேட்டவர் பிரதமர் லீ குவான் இயூ. லீயும் வழக்கறிஞர்தான். 1950 டிசம்பரில் நடந்த மரியா ஹெர்தோக் கலவரத்தில் பிரிட்டிஷ் விமானப்படையைச் சேர்ந்த ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்காக இளம் வயதில் வாதாடி, ஜூரிகள் மனத்தில் சந்தேகத்தை விதைத்து விடுதலை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்த வெற்றி அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. பேச்சுத் திறமையால் குற்றவாளி தப்பிவிடலாம் என்றால் அந்த முறையே தவறு என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தாம் வாதாடிய நூறு கொலை வழக்குகளில் தொண்ணூற்றொன்பதில் விடுதலை பெற்றுக் கொடுத்ததாக மார்ஷல் குழுவிடம் சொன்னார். அப்படியானால் அந்தத் தொண்ணூற்றொன்பது பேர் மீதும் தவறாகவா குற்றம் சாட்டப்பட்டது என்று லீ கேட்டார். அவர்களுக்காக வாதாடுவதுதான் தமது கடமை, அவர்களுக்குத் தீர்ப்பு எழுதுவது தமது வேலை அல்ல என்ற பொருளில் மார்ஷல் பதில் சொன்னார்.

யார் பக்கம் நியாயம்? லீயின் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. கொலையுண்டவனுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் மார்ஷல் சொன்னதில் உள்ள பாதுகாப்பு ஏழைக்குத்தான் அதிகம் தேவை. வழக்கறிஞரே நீதிபதியாகி, இவன் குற்றவாளிதான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், நிரபராதிக்காகப் பேச ஆள் இருக்காது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பு. அது சரியாக நிரூபிக்கப்பட்டதா என்று சோதிப்பதே தற்காப்பு வழக்கறிஞரின் வேலை.

இந்த வாதத்தில் மார்ஷல் தோற்றார். 1969 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. மரண தண்டனை வழக்குகளை இரு நீதிபதிகள் விசாரிக்கும் முறை வந்தது.

தொழிலையே இழந்த ஆறு மாதம்

1971இல் நன்யாங் சியாங் பாவ் நாளிதழின் நிர்வாகிகள் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுக்காக மார்ஷல் வாதாடினார். வழக்கின் சத்தியப்பிரமாணப் பத்திரங்களை வெளியிடுவதில்லை என்று அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவற்றின் பிரதிகளை வெளிநாட்டுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பியது வாக்கு மீறல் என்று தீர்ப்பாகி, 1972இல் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 64.

1978இல் அதே அரசாங்கம் அவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்பியது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர், சிரம்பானில் வளர்ந்த தமிழரான எஸ். ராஜரத்தினம். எதிர்த்து நின்றவர் நாட்டுக்காகப் பணியாற்ற மறுக்கவில்லை. 1993 வரை தூதராக இருந்தார். திரும்பி வந்த பிறகும் மனத்தில் பட்டதைச் சொல்லத் தயங்கவில்லை. 1995 டிசம்பர் 12ஆம் தேதி, 87ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். நம் மலேசியாவிலும் ஜூரி முறை முடிவுக்கு வந்தது அதே 1995ஆம் ஆண்டில்தான்.

இன்று ஜூரி இல்லை. ஆனால் போலீஸ் கையில் சிக்கிய மகனுக்காக வழக்கறிஞர் அலுவலக வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஊரே அவனைக் குற்றவாளி என்று சொல்லும்போதும், அவன் பக்கம் எழுந்து நின்று பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக வாழ்நாள் முழுவதும் நின்றவர் மார்ஷல்.