ஜெஃப்ரி கெயின்ஸ்

சர் ஜெஃப்ரி லாங்டன் கெயின்ஸ் (மார்ச் 25, 1887 – ஜூலை 5, 1982) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் நூலாசிரியரும் ஆவார். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தை முழுவதும் அகற்றாமல் சிகிச்சையளிக்க இயலும் என எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் இவரது தமையன்.

வாழ்க்கைக் குறிப்பு

கேம்பிரிட்ஜில் பிறந்த கெயின்ஸ், அங்குள்ள பெம்புரோக் கல்லூரியிலும் லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையிலும் பயின்றார். முதல் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றியபோது குருதி ஏற்றுவதற்கான எளிய கருவியொன்றை உருவாக்கினார். 1917 இல் சார்லஸ் டார்வினின் பேத்தி மார்கரெட்டை மணந்தார். குருதி ஏற்றல் குறித்த இவரது நூல் 1922 இல் வெளிவந்தது.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை

அக்காலத்தில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் முறையே பெரிதும் பின்பற்றப்பட்டது. இம்முறையில் மார்பகம், அதன் கீழுள்ள மார்புத் தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தும் அகற்றப்படும். இதனால் பல பெண்களுக்குக் கை வீக்கமும் தோள் அசைவில் தடையும் ஏற்பட்டன. கெயின்ஸ் 1920களில் ரேடியம் ஊசிகளை மார்பகத்தில் செலுத்தும் முறையைக் கையாண்டார். பின்னர்க் கட்டியை மட்டும் அகற்றி அதனுடன் ரேடியத்தையும் பயன்படுத்தினார். இவ்வாறு சிகிச்சை பெற்றோரின் ஆயுட்காலம் முழு அறுவை பெற்றோரின் ஆயுட்காலத்தை ஒத்திருந்ததாக 1937 இல் எழுதினார்.

மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. கெயின்ஸ் வெளியிட்டவை ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவுகளே; நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அன்று. ஆகவே இரு தரப்பு நோயாளிகளும் ஒரே நிலையில் இருந்தனரா என்ற ஐயத்திற்கு அவற்றால் விடையளிக்க முடியவில்லை.

பிற பணிகள்

1942 இல் மையஸ்தீனியா கிரேவிஸ் எனும் தசைச் சோர்வு நோய்க்குத் தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவையைத் தொடங்கினார். 1955 இல் சர் பட்டம் பெற்றார். மருத்துவர் வில்லியம் ஹார்வியின் வரலாற்றை 1966 இல் வெளியிட்டார்.

பிற்கால ஆய்வுகள்

1973 முதல் 1980 வரை இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசி தலைமையில் 701 பெண்கள் சமவாய்ப்பு முறையில் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். 1981 இல் வெளியான முடிவுகளின்படி, சிறிய கட்டி உடையோரிடையே ஹால்ஸ்டெட் அறுவை பெற்றவர்களுக்கும், மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஆயுட்காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அப்போது கெயின்ஸுக்கு வயது 94. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய ஆய்வும் 1985 இல் இதனை உறுதி செய்தது. கதிர்வீச்சைத் தவிர்த்தால் அதே மார்பகத்தில் புற்றுநோய் மீண்டும் தோன்றுவது மிகுதி என்பதையும் காட்டியது. இரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002 இல் வெளியாயின. அவற்றிலும் ஆயுட்காலம் வேறுபடவில்லை.