அலமாரிக்கு இலக்கணம் எழுதிய கணக்கு வாத்தியார்

ஆண்டு மலருக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் வாழ்க்கையை எழுதப்போகிறேன் என்றதும், கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற நமக்கு லைப்ரரிக்காரர் கதை எதுக்குடா என்று கூட இருந்தவன் சிரித்தான். எங்கள் பிராஜெக்ட் ரிவ்யூவில் வாங்கிய அடி அவனுக்கு மறந்துவிட்டது போலும்.

லேத், வெல்டிங், சர்க்யூட் என்று நம் பாடங்களுக்கு யூடியூபில் தமிழில் உள்ள வீடியோக்களின் விவரங்களை இறக்கி, டேட்டாபேஸில் சேர்ப்பதுதான் எங்கள் பிராஜெக்ட். கோட் ஃபர்ஸ்ட் முறையை எடுத்துக்கொண்டோம். இதில் டேபிளை நாம் கட்ட வேண்டாம். புரோகிராமில் கிளாஸ் எழுதினால் போதும், ஓ.ஆர்.எம். என்கிற நடுவாள் அதைப் பார்த்து டேபிளைக் கட்டிக் கொடுத்துவிடும். சுலபமா இருக்கே என்று தலைப்பு, சானல், பிளேலிஸ்ட், பார்த்தவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒரே கிளாஸில் திணித்தோம். ரிவ்யூவில் கேட்டது இரண்டே கேள்வி. ஒரே வீடியோ மூன்று பிளேலிஸ்ட்டில் இருந்தால் எங்கே வைப்பாய்? போன வாரம் எத்தனை பேர் பார்த்திருந்தார்கள்? திருதிருவென்று முழித்தோம். பழைய எண்ணிக்கையைத்தான் தினமும் அழித்து எழுதிக்கொண்டிருந்தோமே! போய் ரங்கநாதனைப் படி என்று மட்டும் சொல்லி அனுப்பினார் எங்கள் சார். முத்தாபுதுப்பேட்டைக்கும் ஆவடிக்கும் போய்வரும் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன்.

ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. முடித்து, சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். இளமையில் அவருக்குத் திக்குவாய் உண்டு. அதையும் மீறி நல்ல வாத்தியார் என்று பேர் வாங்கினார். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. சம்பளமோ குறைவு. அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 900 பேர். நூலகக் கல்வி பெற்றவர் ஒருவரும் இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் இவரும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தார். இன்டர்வியூவுக்கு முன் ஒரு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனாராம். அவ்வளவுதான் தயாரிப்பு!

1924-ல் வேலையில் சேர்ந்தார். சில நாளிலேயே வெறுத்துவிட்டது. பையன்கள் நிறைந்த வகுப்பு எங்கே, ஆள் நடமாட்டமில்லாத புத்தக அறை எங்கே! பழைய வேலையே போதும் என்று கல்லூரிக்கு ஓடினார். லண்டன் போய் நூலகக் கலை படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் திரும்பலாம் என்று ஏற்பாடாயிற்று.

லண்டனில்தான் மனிதர் மாறினார். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அன்று பெயர் பெற்றிருந்தது 1876-ல் வந்த டூயி பகுப்பு முறை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் முன்கூட்டியே அச்சாகிக் கிடக்கும். இரண்டு மூன்று பொருளைக் கலந்த புத்தகம் வந்தால் பெரும் சங்கடம். எங்களுடைய ஒற்றைக் கிளாஸ் பட்ட பாடு மாதிரியேதான்!

ஒருநாள் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகள், சக்கரங்கள், போல்ட், நட்டு. அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் ஒரு தரம் வண்டி, இன்னொரு தரம் கிரேன். பொறி தட்டியது. புத்தகத்துக்கு முழு எண்ணை ஏன் முன்னமே எழுதி வைக்க வேண்டும்? துண்டுகளை மட்டும் வகுத்துக்கொண்டு, புத்தகம் வரும்போது கோத்தால் என்ன? முக்காற்புள்ளி என்கிற கோலனை நட்டாக வைத்துக் கோத்தார். கப்பலில் ஊர் திரும்பும்போதே வேலையைத் தொடங்கிவிட்டார்.

உதாரணமாக, 1950-ல் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி ஒரு நூல் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரல் ஒரு துண்டு, காசநோய் ஒன்று, சிகிச்சை ஒன்று, இந்தியா ஒன்று, 1950 ஒன்று. ஆளுமை, பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து அடிப்படைக் கூறுகளைப் பின்னாளில் வகுத்தார். 1931-ல் நூலகத்தின் ஐந்து விதிகளையும், 1933-ல் கோலன் பகுப்பு முறையையும் நூலாக வெளியிட்டார். வாசகனின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பதும் அந்த விதிகளில் அடக்கம். பூட்டிய அலமாரிகளைத் திறந்து, வாசகரே கைவைத்து எடுக்கவும் வழி செய்தார்.

சொந்த வாழ்வில் இடி விழாமல் இல்லை. 1928-ல் முதல் மனைவி ருக்மணி இறந்தார். அதே ஆண்டில்தான் சென்னை நூலகச் சங்கம் உருவானது. இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தவர் என்பார்கள். அப்புறம் காசிக்குப் போய், இந்து பல்கலைக்கழகத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தனியாளாக வகைப்படுத்தினார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததில் இவர் பங்கு பெரிது. வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்தது அந்தச் சட்டத்தால்தான். பத்மஸ்ரீ 1957-ல் கிடைத்தது. தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே, இரண்டாம் மனைவி சாரதா பெயரையும் சேர்த்து, நூலக அறிவியலுக்காகக் கொடுத்தார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார்.

படித்து முடித்ததும் பிராஜெக்டைப் பிரித்தோம். வீடியோ ஒரு கிளாஸ், சானல் ஒரு கிளாஸ், பிளேலிஸ்ட் ஒரு கிளாஸ். வீடியோவையும் பிளேலிஸ்ட்டையும் கோக்க நடுவில் ஓர் இணைப்பு டேபிள். அதுதான் எங்கள் கோலன். பார்த்தவர் எண்ணிக்கைக்குத் தேதியோடு தனிக் கிளாஸ். அது காலக் கூறு. நாளைக்குப் புது விவரம் வந்தால், இருப்பதைக் கலைக்காமல் மைக்ரேஷன் போட்டுச் சேர்க்கலாம். வளரும் உயிர் என்று அவர் சொன்னது இதைத்தானே! அடுத்த ரிவ்யூவில் அதே இரண்டு கேள்விக்கும் பதில் வந்தது.

கீபோர்டில் கை வைக்கும் முன் பொருளைத் துண்டு துண்டாகப் பார்க்கப் பழக வேண்டும், நண்பர்களே. ஓ.ஆர்.எம். டேபிளைக் கட்டித் தரும், யோசித்துத் தராது. அதை நாம்தான் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடாமலே அதைச் செய்து காட்டியவர் நம்ம சீர்காழிக்காரர். அவர் நினைவாக ஆகஸ்ட் 12 நூலகர் தினம். அன்றைக்காவது நம் காலேஜ் லைப்ரரி வாசல்படியை மிதிப்போமா?