பிஞ்சு உடலின் வெப்பம் காத்தவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, பாரிஸ் நகரின் ஏழைத் தாய் ஒருத்திக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டால், அது பிழைக்கும் என்று எவரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. இத்தகைய குழந்தைகளைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 'பலவீனர்கள்' என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தனர். அவை இறந்தால் பிறவிப் பலவீனமே காரணம் என்று பதிவேட்டில் எழுதப்படும். அதற்குமேல் கேள்வி எழாது. அந்தப் பலவீனத்துக்குள் தடுக்கக்கூடிய காரணங்கள் பல ஒளிந்திருக்கின்றன, அவற்றுள் முதன்மையானது குளிர் என்பதை நிறுவுவதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பியேர் பூடேன்.

பிரான்ஸின் வடபகுதியில், உவாஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1846-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பாரிஸில் மருத்துவம் பயின்று மகப்பேறியலைத் தம் துறையாகத் தேர்ந்தார். அவருக்கு வாய்த்த ஆசான், அக்காலத்தின் தலைசிறந்த மகப்பேறு மருத்துவரான ஸ்தெஃபான் தார்னியே. பிரசவக் காய்ச்சல் தொற்றிப் பரவுவது என்று இளமையிலேயே வாதிட்டு, மருத்துவமனைகளில் தாய்மார்களின் மரணத்தைக் குறைக்கப் பாடுபட்டவர் தார்னியே. ஆசானும் மாணவரும் இணைந்து மகப்பேறியல் பெருநூலொன்றின் பகுதிகளை எழுதும் அளவுக்கு அவர்களிடையே நெருக்கம் இருந்தது.

தாய்மார்களைக் காக்கும் வழி ஓரளவு புலப்பட்டபின் தார்னியேயின் கவனம் குழந்தைகள்மீது திரும்பியது. பாரிஸ் விலங்குப் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப் பெட்டியைக் கண்ட அவர், அதைப் போன்ற ஒன்றைக் குழந்தைகளுக்காகச் செய்துதரும்படி அங்கிருந்த கைவினைஞரிடம் கேட்டார். 1880-களின் தொடக்கத்தில் பாரிஸின் மத்தெர்னித்தே மகப்பேறு மருத்துவமனையில் அந்த இன்குபேட்டர் பயன்பாட்டுக்கு வந்தது. சுடுநீரால் சூடேறிய காற்று கீழிருந்து எழுந்து குழந்தையைச் சூழ்ந்து மேலே வெளியேறும் எளிய மரப்பெட்டிதான் அது. ஆயினும், 2,000 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளின் இறப்பு அங்கே 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைந்தது. மருந்து எதுவும் தரப்படவில்லை. குழந்தைகள் குளிராமல் பார்த்துக்கொள்ளப்பட்டார்கள், அவ்வளவே.

வெறும் வெதுவெதுப்பு எப்படி இத்தனை உயிர்களைக் காக்க முடியும்? இன்றைய மருத்துவம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. பச்சிளம் குழந்தையின் எடையோடு ஒப்பிடுகையில் அதன் தோற்பரப்பு, வளர்ந்த மனிதரைவிடச் சுமார் மூன்று மடங்கு. குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் அதிகம். தோல் மெல்லியதாதலால் உடல்நீர் எளிதில் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. கருப்பையின் இறுதி வாரங்களில் சேரவேண்டிய கொழுப்பு, வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு உட்பட, அதற்குப் போதுமான அளவில் சேர்ந்திருப்பதில்லை. நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவோ, கைகால்களை மடக்கிச் சுருண்டுகொள்ளவோ அதனால் இயலாது. ஈரத்தோடு பிறந்த குழந்தையைத் துடைக்காமல் விட்டால் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் உடல்வெப்பம் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குறையக்கூடும். குளிர்ந்த குழந்தை பால் குடிக்கும் வலுவை இழக்கும். பால் குடிக்காத குழந்தை மேலும் குளிரும். இரத்தச் சர்க்கரை சரியும், மூச்சு திணறும்.

இந்த உடலியங்கியல் முழுவதும் பூடேனின் காலத்தில் தெரிந்திருக்கவில்லை. அவரிடம் இருந்தவை வெப்பமானியும் எடைத்தராசும் பொறுமையும்தான். மத்தெர்னித்தேயில் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே 1893-இல் ஒரு தனிக்கூடம் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அம்மருத்துவமனையின் தலைமைச் செவிலித்தாய் திருமதி ஆன்றி. 1895-இல் அக்கூடத்தின் பொறுப்பு பூடேனிடம் வந்தது. சேர்க்கப்படும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உடல்வெப்பத்தையும் குறித்துவைத்து, பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதோடு பொருத்திப் பார்த்தார்.

அந்தக் குறிப்புகள் இன்குபேட்டரின் எல்லையைக் காட்டின. மருத்துவமனைக்குள் பிறந்து உடனே பெட்டிக்குள் வைக்கப்பட்ட குழந்தைகள் கணிசமாகப் பிழைத்தன. வெளியே பிறந்து, பாரிஸின் தெருக்கள் வழியே தாமதமாகக் கொண்டுவரப்பட்டு, வந்துசேரும்போதே உடல் குளிர்ந்திருந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை இறந்தன. எடை குறையக் குறைய இந்த ஆபத்து கூடியது. இழந்த வெப்பத்தைப் பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் சேதத்தை ஈடுசெய்ய முடிவதில்லை என்பதைப் பூடேன் உணர்ந்தார். ஆக, ஆபத்துக் காரணிகள் குழந்தையின் உடலுக்குள் மட்டும் இல்லை. எங்கே பிறந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது, வழியில் எப்படிப் போர்த்தப்பட்டது என்பவையும் உயிரைத் தீர்மானித்தன. வறுமைக்கும் இதில் பெரும் பங்கு இருந்தது.

மற்றோர் உண்மையும் அவரைத் துன்புறுத்தியது. வாரக்கணக்கில் பெட்டிக்குள் இருந்து பிழைத்த குழந்தையைத் தாய் திரும்பப் பெறும்போது, அது அவளுக்கு அந்நியமாகிவிட்டிருந்தது. பிரிவில் அவளது பாலும் வற்றியிருக்கும். சில தாய்மார்கள் குழந்தையைக் கைவிட்டும் போனார்கள். உடலைக் காத்த ஏற்பாடு உறவைக் குலைக்கிறதே என்று பூடேன் கவலைப்பட்டார். குழந்தையைத் தாய் பார்க்கும் வகையில் கண்ணாடிச் சுவர் கொண்ட இன்குபேட்டர்களை விரும்பினார். தாய் அருகிலேயே இருக்க வேண்டும், தாய்ப்பாலே தரப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பில் வெப்பம், உணவு, நோய் ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று வகுத்த அவரே, மூன்றுக்கும் பொதுவான பாதுகாவல் தாய்தான் என்பதையும் கண்டுகொண்டார்.

வீடு திரும்பிய குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. 1892-இலேயே ஷாரித்தே மருத்துவமனையில் கைக்குழந்தைகளுக்கான ஆலோசனை முகாமைத் தொடங்கியிருந்தார். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாய்மார்கள் குறித்த நாள்களில் கொண்டுவர வேண்டும், எடை பார்க்கப்படும், தாய்ப்பால் ஊக்குவிக்கப்படும், இயலாதவர்களுக்குக் கிருமிநீக்கிய பால் வழங்கப்படும். நோயுற்றபின் வருவதற்கு மருத்துவமனை இருக்கிறது. நோயுறாமல் காப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பிறப்புவிகிதம் சரிவதைக் கண்டு அஞ்சிய அன்றைய பிரான்ஸில் இம்முயற்சி விரைவாகப் பரவியது. குழந்தை நல மையங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இது இன்றும் கருதப்படுகிறது.

தார்னியே 1897-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, ஆசானின் பெயர் தாங்கிய மருத்துவமனையில் அவரது பேராசிரியர் பதவியைப் பூடேன் ஏற்றார். தம் விரிவுரைகளைத் தொகுத்து, கைக்குழந்தையைப் பற்றிய நூலாக 1900-இல் வெளியிட்டார். 1907-இல் மார்சேய் நகரில் அவர் காலமானார். அதே ஆண்டில் அந்நூலின் ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்து, அவரது அனுபவத்தைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றது.

ஆனால், உலகம் அவரிடமிருந்து பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டது. இன்குபேட்டரும் அதற்குள் கிடந்த குழந்தைகளும் கண்காட்சிகளில் கட்டணம் பெற்றுக் காட்டப்பட்டன. பின்னாளில் மருத்துவமனைகள் கருவியை மேம்படுத்தின. கூடவே, தொற்றுக்கு அஞ்சித் தாயை வாசலுக்கு வெளியே நிறுத்தின. தாயின் மார்பே குழந்தைக்கு வெப்பம் தரும் இடம் என்ற எண்ணம் மருத்துவமனைக்குள் திரும்பிவர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970-களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய மருத்துவமனை ஒன்றில், மருத்துவர் எட்கார் ரெய் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று அது பெயர்பெற்றது.

இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கினால், முதல் 28 நாள்களில் நிகழும் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைகிறது என்று காட்டியது. உடல்வெப்பக் குறைவும் குறைந்தது. அதற்காகச் செய்யப்பட்ட முக்கிய மாற்றம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குழந்தைக்கு அருகிலேயே தாய்க்கும் ஒரு படுக்கை போட்டதுதான். பூடேன் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

குளிர்நாடுகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வெயில் கொளுத்தும் நாடுகளிலும் பிரசவ அறையின் குளிர்பதனியும் மின்விசிறியும், துடைக்கப்படாத ஈரமும், பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கமும், போர்வையின்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் பயணமும் சின்னஞ்சிறு குழந்தையின் வெப்பத்தைப் பறிக்கின்றன. பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும், முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிவையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவற்றில் எதற்கும் பெரும் செலவு இல்லை.

புதிய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் திறக்கப்படும்போது எத்தனை கருவிகள் வந்தன என்று நாம் எண்ணுகிறோம். குழந்தை அங்கே வந்துசேரும்போது அதன் உடல்வெப்பம் எவ்வளவு, தாய்க்கு அருகில் இடம் இருக்கிறதா என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதே, நூற்றாண்டுக்கு முன் மறைந்த அந்த மருத்துவருக்கு நாம் செலுத்தும் உரிய மரியாதை.