112 புள்ளி எடுத்தவரை ஏன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்?

என்பிஏ ஆட்டங்களைப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் லூக்கா டொன்சிச்சையும் நிக்கோலா யோக்கிச்சையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் ஸ்லோவீனியா, மற்றவர் செர்பியா. இரண்டும் ஒரு காலத்தில் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டில் இருந்தவை.

அந்த நாட்டிலிருந்து 1989இல் ஒருவர் அமெரிக்கா போனார். பெயர் டிராஷன் பெட்ரோவிச். ஐரோப்பாவின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அங்கே போனதும் அவரை பெஞ்சில்தான் அதிகம் உட்கார வைத்தார்கள்.

ஏன் என்று பார்ப்பதற்கு முன், அவர் யார் என்று பார்த்துடுவோமா?

பெட்ரோவிச் பிறந்தது 1964இல், இன்றைய குரோஷியாவின் கடலோர ஊரான ஷிபெனிக்கில். அண்ணன் கூடைப்பந்து ஆடியதைப் பார்த்துத் தம்பியும் பந்தைத் தூக்கினார். தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன்பே விளையாட்டுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான முறை பந்தைக் கூடைக்குள் போட்டுப் பழகுவார். 15 வயதில் ஊரின் ஷிபெங்கா குழுவில் இடம் கிடைத்தது.

18 வயதில் ஒரு பெரிய அடி. 1983ஆம் ஆண்டு தேசிய லீக்கின் கடைசி ஆட்டம். ஷிபெங்கா ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, நேரம் முடிந்தேவிட்டது. ஆனால் நடுவர் ஃபவுல் கொடுத்தார். பெட்ரோவிச்சுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கை நடுங்கியிருக்கும்னு நினைக்கிறீங்களா? இரண்டும் உள்ளே! 83-82. ஊரே கொண்டாடியது.

மறுநாளே, நடுவரின் முடிவு தவறு என்று சம்மேளனம் வெற்றியை ரத்து செய்தது. வேறு ஊரில் மீண்டும் ஆடச் சொன்னது. ஷிபெங்கா போக மறுத்தது. கிண்ணம் எதிர்க்குழுவுக்குப் போய்விட்டது.

பிறகு ஓராண்டு கட்டாய ராணுவச் சேவை. நம்ம தேசிய சேவை மாதிரிதான். அதை முடித்துவிட்டு ஸாக்ரெப் நகரின் சிபோனா குழுவில் சேர்ந்தார். 1985, 1986 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கிண்ணம் சிபோனாவுக்குத்தான்.

அந்த 112 புள்ளி? அது 1985 அக்டோபரில், ஒரே லீக் ஆட்டத்தில் எடுத்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பதிவில் நடந்த குளறுபடியால் அன்று எதிர்க்குழு இளையர்களைத்தான் களமிறக்கியது. அதனால் அந்த எண்ணை வைத்து மட்டும் அவரை எடைபோட வேண்டாம். 1989இல் ரியால் மட்ரிட் குழுவுக்காக ஓர் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் 62 புள்ளி எடுத்தாரே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிசு.

சரி, பெஞ்சுக்கு வருவோம்.

போர்ட்லண்ட் குழு 1986லேயே அவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, அதுவும் 60ஆவது ஆளாக. 1989இல் அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லரும் டெரி போர்ட்டரும் இருந்தார்கள். இருவரும் நட்சத்திரங்கள். குழு அந்தப் பருவம் இறுதிச்சுற்று வரை போனது. ஜெயிக்கிற குழுவை யார் மாற்றுவார்? ஐரோப்பியர்களுக்குத் தற்காப்பு ஆட்டம் வராது என்ற எண்ணமும் அப்போது பரவலாக இருந்தது. 48 நிமிட ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது சராசரியாக 12, 13 நிமிடம். அடுத்த பருவம் இன்னும் மோசம், சுமார் 7 நிமிடம்.

நேற்று வரை எல்லாரும் கொண்டாடிய ஆள். யோசிச்சுப் பாருங்க. மட்ரிட்டுக்கே திரும்பியிருக்கலாம், அங்கே ராஜா மாதிரி வரவேற்பு இருந்திருக்கும். அவர் போகவில்லை. எடை தூக்கி உடம்பை ஏற்றினார். பயிற்சி முடிந்த பிறகும் கூடத்திலேயே இருந்து பந்து போட்டார். கூடவே, ஆட இடம் கொடுக்கும் குழுவுக்கு என்னை அனுப்புங்கள் என்று நிர்வாகத்திடம் வெளிப்படையாகவே கேட்டார். அடம் பிடிக்கிறார் என்று சிலர் நினைத்திருக்கலாம். வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பலவீனமான குழு, ஆனால் ஆடலாம். அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். சராசரி 20.6 புள்ளி. அதற்கடுத்த பருவம் 22.3. தொலைவிலிருந்து வீசிய மூன்று புள்ளிப் பந்துகளில் 100க்கு ஏறக்குறைய 45 உள்ளே விழுந்தன.

இடையில் 1992 பார்சலோனா ஒலிம்பிக். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'டிரீம் டீம்' குழுவை இறுதியாட்டத்தில் எதிர்த்தது புதிய நாடான குரோஷியா. அது தோற்றது. ஆனால் பெட்ரோவிச் 24 புள்ளி எடுத்தார். எதிரே ஆடியவர்களில் டிரெக்ஸ்லரும் ஒருவர்.

1993 ஜூன் 7. போலந்தில் தேசியக் குழுவுக்கு ஆடிவிட்டுத் திரும்பும் வழியில், மற்றவர்களுடன் விமானம் ஏறாமல் ஜெர்மனியிலிருந்து காரில் கிளம்பினார். மழை. நெடுஞ்சாலையில் கார் ஒரு லாரியில் மோதியது. பெட்ரோவிச் அங்கேயே இறந்தார். வயது 28.

என்பிஏ-வில் அவர் இருந்தது நான்கே பருவங்கள். ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் நின்றது கடைசி இரண்டில்தான். அவர் அணிந்த 3ஆம் எண் சட்டையை நெட்ஸ் குழுவில் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை.