உருவிற் சிறியர், உள்ளத்திற் பெரியர்

உடையையும் தோற்றத்தையும் கொண்டு மனிதரை எடைபோடுதல் உலக வழக்கமாகிவிட்டது. தேரின் எழிலைக் கண்டு வியப்போர் அதன் அச்சாணியை நோக்குவதில்லை. அச்சாணி கழன்றாலோ தேர் ஓரடியும் நகராது. வள்ளுவப் பெருந்தகை உணர்த்திய இவ்வுண்மைக்கு நம் நாட்டு வரலாற்றிற் சான்றாக நிற்பவர் லால் பகதூர் சாஸ்திரியார்.

காசிக்கு அண்மையில், அந்நாளில் முகல்சராய் என வழங்கிய இரயில் சந்திப்பூரில், 1904 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் எளிமையில் வளர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1921 இல் பள்ளியை விட்டு நீங்கினார். பின்னர்க் காசி வித்தியா பீடத்திற் பயின்று, 1925 இல் சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். நம்மவரிற் பலர் அதனைக் குலப்பெயர் எனக் கருதுவதுண்டு. அது கல்வியால் வந்த பட்டமேயாகும். குலத்தைக் காட்டும் பெயரை அவர் இளமையிலேயே துறந்துவிட்டார்.

விடுதலைப் போரிற் பல முறை சிறை புகுந்த அவர், 1952 இல் இரயில்வே அமைச்சரானார். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் வசதியிற் பெரிதும் கருத்தூன்றினார். 1956 செப்டம்பரில் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடனே பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு இசையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் நாள், நம் தமிழ் மண்ணில், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி பாலத்தருகே கவிழ்ந்து, 140 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

வெள்ளத்தை வரவழைத்தவர் அமைச்சர் அல்லர். பாலத்தைக் காவல் செய்தவரும் அல்லர். பிழை நேர்ந்தால் பழி மேலிருந்து கீழிறங்கிக் கடைப்படியில் நிற்கும் ஊழியன் தலையில் விழுதலே எங்கும் இயல்பு. ஆனால் அன்று அப்பழியை உச்சியில் இருந்தவர் தாமே ஏற்றுப் பதவியைத் துறந்தார். உயரத்தை அளக்கும் கோல் அடியும் அங்குலமும் அல்ல என்பதை அன்று நாடு கண்டது.

1964 சூன் 9 ஆம் நாள் அவர் பிரதமரானபோது, ஐந்தடிக்குச் சற்றே மிகுந்த உருவத்தையும் மென்மையான குரலையும் கண்டு பலர் ஐயுற்றனர். 1965 இல் மூண்ட போரில் அவர் காட்டிய உறுதி அவ்வையத்தை அகற்றியது. தாஷ்கண்டில் உடன்பாடு கண்ட இரவிலேயே, 1966 சனவரி 11 அன்று, அவர் உயிர் பிரிந்தது. போரில் எதிர் நின்ற நாட்டின் அதிபரும், நெடிய உருவினருமாகிய அயூப்கான், அவர்தம் பேழைக்குத் தோள் கொடுத்தார். பிரதமராயிருந்தவர் விட்டுச் சென்றதோ, கார் வாங்குவதற்கு வங்கியிற் பெற்ற ரூ. 5,000 கடன். துணைவியார் லலிதா அம்மையார் அதனைத் தீர்த்தார்.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மை வேட்டியாலும் பேச்சின் ஒலியாலும் அளப்போர் உண்டு. நாமும் பிறரை அவ்வாறே அளப்பதுண்டு. பெயரைக் கேட்டுக் குலத்தையும், உருவைக் கண்டு ஆற்றலையும் முடிவு செய்யுமுன், மருதையாற்றங்கரையில் உயிர்நீத்தோர்க்காகப் பதவியைத் துறந்த அப்பெரியாரை ஒருகணம் நினைவோமாக.