பழைய ஓட்டில் புதிய வீடு!

தேனி மாவட்டம் மேகமலையில் நின்று மேற்கே பார்த்தால், கீழே கம்பம் பள்ளத்தாக்கு. அதற்கும் அப்பால் கேரள மலைகள். அங்குள்ள வாகமண் என்ற ஊரில் 1963-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரர் குடியேறினார். இடித்த வீட்டுக் கதவு, உடைந்த ஓடு, காலி பாட்டில் என எதையும் வீணாக்காத அவர்தான், லாரி பேக்கர்!

1917 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்திலுள்ள பர்மிங்காமில் பிறந்தார். கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப்போரின்போது சீனா சென்று நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்த, வீணான துணித் துண்டுகளால் தைத்த செருப்பு காந்தியடிகளைக் கவர்ந்தது. வீடு கட்டத் தேவையான பொருள்கள், 5 மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். அது பேக்கரின் மனதில் ஆழப் பதிந்தது.

1945-ல் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டும் பணியில் சேர்ந்தார். 1948-ல் டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையிலுள்ள பித்தோராகரில் குடியேறினார். அங்கேதான் சிக்கல்! படித்த படிப்பு கைகொடுக்கவில்லை. சிமென்ட்டும் இரும்பும் அந்த மலைக்கு எளிதில் வராது. உள்ளூர்க்காரர்களோ கல், மண், மரத்தை வைத்தே குளிர் தாங்கும் வீடு கட்டினார்கள். பட்டம் பெற்ற பேக்கர் அவர்களிடம் மாணவரானார்!

வாகமணில் சில ஆண்டுகள் மலைவாழ் மக்களுக்குத் தொண்டு செய்த தம்பதி, பிறகு திருவனந்தபுரம் சென்றனர். அங்கே நாலாஞ்சிறையில், தண்ணீர் குறைவான பாறைச் சரிவில், பாறையை உடைத்துத் தள்ளாமல் தன் வீட்டைக் கட்டினார் பேக்கர். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை மீண்டும் பயன்படுத்தினார். சுவரில் பதித்த பாட்டில்கள் வழியே வண்ண வெளிச்சம் வந்தது.

செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். இதனால் கால் பங்கு செங்கல் மிச்சம். இடைவெளியிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்தார். சிமென்ட், கம்பி செலவு குறைந்தது. மரம் குறுக்கிட்டால் வெட்டமாட்டார். சுவரை வளைத்துக் கட்டுவார்!

ஏழைக்கும் நல்ல வீடு வேண்டும் என்பதே அவரது நோக்கம். இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90-வது வயதில் மறைந்தார்.

குட்டீஸ்! உங்கள் தெருவில் பழைய வீட்டை இடிக்கிறார்களா? அங்கே குவிந்திருப்பது குப்பையல்ல. இன்னொரு வீட்டின் கதவும் ஜன்னலும் அதில் இருக்கலாம்!