சானடோரியம் தந்த டாக்டர் சௌரிமுத்து

பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் காதில் விழுகிற பேருதான். காசநோய்க்காரங்க மாசக்கணக்கில் தங்கி உடம்பைத் தேத்திக்கொள்ளும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். அதை இங்கே கொண்டுவந்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து.

இந்தியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பல வருஷம் காசநோய் வைத்தியம் பார்த்தவர் அவர். ராபர்ட் காக் 1882லேயே காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தது 1943ல்தான். நடுவிலே அறுபது வருஷம்! அதுவரைக்கும் நல்ல காத்து, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, இவைதான் வைத்தியம். சௌரிமுத்து அங்கே மெண்டிப் மலைப்பகுதியில் அப்படி ஒரு மருத்துவமனை நடத்தினார். கணித மேதை ராமானுஜன் 1917ல் அவரிடம் சிகிச்சைக்குப் போனார். ஜன்னலைத் திறந்தே வைக்கும் அந்தக் குளிர் ராமானுஜனுக்கு ஒத்துவரவில்லை, ரொம்ப நாள் தங்கவில்லை. எல்லா வைத்தியமும் எல்லாருக்கும் பொருந்திடாது இல்லையா?

1928ல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கரில் 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கைக்கு எதுக்கு இவ்வளவு இடம் என்று தோணும். காத்தும் மரமும்தான் மருந்து, அதுக்கு இடம் வேணும். 1937ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 1940ல் அவர் காலமானார். காசநோய்க்கான மருந்தை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

அவர் கட்டிவைத்த இடம், அவர் கேள்விப்பட்டே இராத நோய்களுக்கும் உதவியது. எச்.ஐ.வி. என்றாலே விலகிப்போன 1990களில் அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது இந்த மருத்துவமனைதான். 2020ல் கொரோனா நோயாளிகளுக்கும் இங்கே சிகிச்சை கொடுத்தார்கள். ஆபத்து வந்தபிறகு இடம் தேடியிருந்தால் இது நடந்திருக்குமா?

அவர் காலத்து வழக்கம் ஒன்று மட்டும் பிறகு மாறிப்போச்சு. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஒரு ஆராய்ச்சியில், ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரை சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு மருத்துவமனையின் வேலை பாதி, வீட்டுக்கும் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அதாவது நம்ம கைக்கு.

இந்த இடத்தில் நம்ம குழுக்களுக்கு ஒரு வேலை இருக்கு. காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குக் கேட்காமல் போயிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் எப்படி மூழ்கியது என்று தெரியும். வீட்டுக்குள்ளே தண்ணி வந்தால் அரிசியோடு மாத்திரையும்தான் போகும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னாடியே, தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க யார் யாரென்று குழுவில் ஒருத்தர் தெரிஞ்சு வைத்துக்கொள்ளணும். காசநோய், சர்க்கரை, பிரஷர் எல்லாம்தான். மாத்திரையும் சீட்டும் பிளாஸ்டிக் கவரில், மேல் தட்டில். ஆனால் அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கக்கூடாது. காசநோய் என்று தெரிந்தால் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க என்ற பயம் இன்னும் நம்ம தெருவில் இருக்கு. சம்பந்தப்பட்டவங்க சம்மதிச்சால் மட்டும், நம்பகமான ஒருத்தர் கையில் இருக்கட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். சத்துணவுக்காக நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு கூடப் போய்வர ஒரு ஆள் இருந்தால் போதும்.